கஞ்சித்தொட்டி முதல் குடும்ப அட்டை வரை: வடசென்னைத் துறைமுகப் பகுதியில் பசிக்குக் கேட்கப்பட்ட சான்றுகள்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் ஏழை எளியோருக்கான உணவு உதவியின் வரலாறு பெரும்பாலும் 1920ஆம் ஆண்டின் மாநகராட்சிப் பள்ளி மதிய உணவிலிருந்தோ 1967ஆம் ஆண்டின் படியரிசித் திட்டத்திலிருந்தோ தொடங்கி எழுதப்படுகின்றது. அதற்கு முந்தைய நூற்றைம்பது ஆண்டுக்காலக் கஞ்சித்தொட்டிகளும் பஞ்ச நிவாரணமும் தருமம் என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கப்படுகின்றன. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவற்றை உள்ளடக்கிய துறைமுகப் பகுதியைக் களமாகக் கொண்டு இவ்விரு காலங்களையும் ஒரே வரலாறாக இக்கட்டுரை வாசிக்கின்றது. உதவி பெற வந்தவரிடம் அரசு எதைச் சான்றாகக் கேட்டது என்பதே இங்கு எழுப்பப்படும் வினாவாகும். மெலிந்த உடல், உழைப்பு, முகவரி, கைரேகை எனச் சான்று மாறிவந்துள்ளது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் துறைமுகத்தை நம்பி வாழ்ந்த நிலையற்ற தொழிலாளரே விளிம்பில் நின்றனர் என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: கஞ்சித்தொட்டி, மணியக்காரர் சத்திரம், தாது வருடப் பஞ்சம், பங்கீட்டு முறை, குடும்ப அட்டை, வடசென்னை.

முன்னுரை

பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையை வண்ணாரப்பேட்டை, இராயபுரம் பகுதிகளின் முதியோர் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று வழங்குவதைக் கேட்கலாம். சென்னை ஆளுநர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லியின் பெயர் அந்நிறுவனத்திற்கு 1930களில் சூட்டப்பட்டது. அங்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கியதோ அதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் முன்னர், 1782இல். கஞ்சியை நேரில் கண்டவர் எவரும் இன்றில்லை. எனினும் அந்நிறுவனத்தின் முதற்பணி எதுவென்பதை அரசின் பெயர்ப்பலகையைவிட மக்கள் வழக்கு உறுதியாக நினைவில் வைத்திருக்கின்றது.

வரலாற்று நூல்களோ இந்நினைவுக்கு அவ்வளவு இடம் தருவதில்லை. பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, 1920 செப்டம்பரில் ஆயிரம் விளக்குப் பகுதியின் பள்ளியொன்றில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்க இசைந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அரசு இசையாமையால் 1925 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. வண்ணாரப்பேட்டையின் துணிவணிக நெசவுச் சூழலிலிருந்து வந்த தியாகராயருக்குப் பசித்த பிள்ளையின் முகம் புதிதன்று. பின்னர் காமராசர், அண்ணா, எம்.ஜி.ஆர். எனத் தலைவர்களின் வரிசை தொடர்கின்றது. இவர்களின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் தலைவர்களின் வரிசையாக மட்டும் இவ்வரலாற்றை எழுதும்போது, கொடுத்தவர் யார் என்ற வினாவே முன்னிற்கின்றது. வரிசையில் நின்றவர் தம்மை எவ்வாறு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்ற வினா எழுவதேயில்லை. ஆய்வாளர் இரண்டாம் வினாவையே பற்றிச் செல்கின்றார்.

மதிலுக்கு வெளியே

இரண்டாம் மைசூர்ப் போரில் (1780–1784) ஐதர் அலியின் படைகள் கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியபோது சென்னையைச் சுற்றியிருந்த சிற்றூர்கள் பாழாயின. பயிரையும் கால்நடையையும் இழந்த மக்கள் கோட்டையை நோக்கி வந்தனர். கடல்வழி வரும் தானியத்தையே நகரம் பெரிதும் நம்பியிருந்த வேளையில், 1782 அக்டோபரில் வீசிய புயல் துறையில் நின்ற தானியப் படகுகளை அழித்தது. ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட பழைய சென்னை குறித்த தொகுப்பு, கோட்டை ஆவணங்களின் வழி இக்காலச் சென்னையை விரிவாகக் காட்டுகின்றது. கும்பினியாரின் முதற்கவலை கோட்டைப் படைக்கான உணவு. நகரத்துப் பசித்தோருக்கு நன்கொடை திரட்டிக் கஞ்சி வார்ப்பது அதற்கு அடுத்த நிலையில் வந்தது. அவ்வாறு தோன்றியதே கஞ்சித்தொட்டி. ஊர்த்தலைவரான மணியக்காரர் ஒருவரின் தொடர்பால் அவ்விடம் மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றதென்பது மரபு. ஆங்கிலேயர் நாவில் அது ‘மானிகர் சௌல்ட்ரி’ ஆயிற்று.

சத்திரம் அமைந்த இடம் கருதத்தக்கது. 1769ஐ அடுத்த ஆண்டுகளில் கறுப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் பால் பென்ஃபீல்டு பொறுப்பில் மதில் எழுப்பப்பட்டது. அதன் வடமதிலையொட்டிய பாதையே இன்றைய பழைய சிறைச்சாலைச் சாலை. மதிலின் எச்சத்தை இராயபுரத்தின் மாடிப்பூங்காவில் இன்றும் காணலாம். கஞ்சித்தொட்டி அந்த மதிலுக்கு வடக்கே, அதாவது வெளியே அமைந்தது. தானியக் கிடங்குகளும் வணிகர் வீடுகளும் மதிலுக்குள் இருக்க, பசித்தவர் மதிலைத் தாண்டாமலே கஞ்சி பெற்றுத் திரும்பும் ஏற்பாடு இது. இவ்விடத் தேர்வுக்கு நிலவசதி போன்ற எளிய காரணமும் இருந்திருக்கலாம். எனினும் இரக்கமும் அச்சமும் சேர்ந்தே இவ்வெல்லையை வகுத்தன எனக் கொள்வது பொருந்தும். வடசென்னை என்று நாம் இன்று வழங்கும் நிலப்பரப்பின் சமூக வரலாறே ஒரு பொருளில் இவ்வாறு தொடங்குகின்றது எனலாம். நகரத்திற்குத் தேவைப்பட்டும் நகரத்திற்குள் வைத்துக்கொள்ள விரும்பப்படாத துறைமுகம், சரக்கு நிலையம், உப்பளம், பிற்காலத்தில் அனல்மின் நிலையம் ஆகிய அனைத்தும் இத்திசையிலேயே வந்து சேர்ந்தன.

இக்கட்டத்தில் கேட்கப்பட்ட சான்று உடல் மட்டுமே. எந்த ஊர், என்ன தொழில், எங்கே வீடு என்று கேட்டுப் பதியும் ஆற்றல் அன்றைய கும்பினி நிருவாகத்திற்கு இல்லை. மெலிந்த உடலோடு வந்து நிற்பதே தகுதி. ஆனால் உடலைச் சான்றாகக் கொண்ட நிவாரணம் விரைவில் உடலைப் பற்றிய துறையாகவே மாறியது. கஞ்சிக்கு வந்தவர்கள் நோயாளிகளாகவும் இருந்தனர். உதவி அறுவை மருத்துவர் ஜான் அண்டர்வுட் 1799இல் சத்திரத்தையொட்டிச் சுதேசி நோயாளிகளுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டும் அரசு மேலாண்மையின்கீழ் வந்தன. மருத்துவமனை வளர வளரக் கஞ்சி பின்னுக்குச் சென்றது. இருபதாம் நூற்றாண்டில் அது இராயபுரம் மருத்துவமனையாகி, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. சத்திரமோ ஆதரவற்ற முதியோர் இல்லமாக அருகிலேயே தொடர்ந்தது. பசி என்ற ஒன்றை நோய், முதுமை என இரண்டாகப் பிரித்து இரு கட்டடங்களில் வைத்ததாக இதனைக் காணலாம். உடல்நலத்தோடு இருந்தும் வேலையின்றிப் பசித்தவருக்கு இவ்விரண்டிலும் இடமில்லை.

இதே காலத்தில் வறிய ஐரோப்பியருக்கும் ஐரோப்பிய வழியினருக்கும் உதவத் தனிச் சங்கம் 1812இல் தோன்றியிருந்தது. பசிக்கும் நிறப்பாகுபாடு உண்டென்பதை நகரம் அமைதியாக ஏற்றுக்கொண்டிருந்தது. 1832–33இல் குண்டூர்ப் பகுதியைப் பஞ்சம் சூறையாடியபோது தெலுங்கு மாவட்டங்களிலிருந்து மக்கள் வடக்குச் சாலை வழியே சென்னைக்கு இறங்கி வந்தனர். அவர்கள் முதலில் கண்ட சென்னை, இந்த மதிலுக்கு வெளியே கிடந்த வடக்குப் புறமே.

தாது வருடம்: எடைபோடப்பட்ட கஞ்சி

1876இல் பருவமழைகள் பொய்த்தன. தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவிலும் பஞ்சக் கும்மிப் பாடல்களிலும் நிலைத்த பெரும்பஞ்சம் தொடங்கியது. இப்போது சென்னையின் நிலைமை 1782ஐப் போன்றதன்று. 1856 ஜூலையில் இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா சாலை வரை தொடங்கிய இரயில்பாதை உள்நாடு நோக்கி நீண்டிருந்தது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசி கடற்கரையில் இறங்கி, இரயிலேறி உள்மாவட்டங்களுக்குச் சென்றது. தானியம் இருந்தது, வாங்கும் காசுதான் மக்களிடம் இல்லை. மூட்டைகள் அடுக்கப்பட்ட துறைக்கு அருகிலேயே பட்டினியால் நலிந்தோர் கிடந்ததை, அன்று சென்னையில் இதழாசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட இரு தொகுதிகள் விரிவாகப் பதிவு செய்கின்றன. இரயில்பாதை பஞ்சத்தைத் தணித்தது என்றும், விலையை எங்கும் ஒரே அளவில் ஏற்றிப் பஞ்சத்தைப் பரப்பியது என்றும் இரு தரப்பு வாதங்கள் உள்ளன. இராயபுரத்திலிருந்து நோக்கும்போது இரண்டும் ஒருசேர உண்மையாகவே தோன்றுகின்றன.

ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் அரசு, தொடக்கத்தில் ஆர்பத்நாட் கும்பினியின் வழியாக 30,000 டன் தானியத்தை வெளியே தெரியாமல் வாங்க முற்பட்டது. 1906இல் திவாலாகிப் பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பை விழுங்கிய அதே நிறுவனம்தான் இது. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கையுடைய அரசப்பிரதிநிதி லிட்டன் இதனை ஏற்கவில்லை. செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 ஜனவரியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அவர் வகுத்த கூலி, ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும். சென்னையின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். சென்னை அரசு அவ்வாண்டே அளவை ஓரளவு உயர்த்தியது. பம்பாய் மாகாணத்தில் இக்கூலியை ஏற்க மறுத்து நிவாரணப் பணியிடங்களிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். உதவியின் அளவு பேரத்திற்குரியது, எதிர்க்கத்தக்கது என்பதை அவர்கள் எந்தத் தேர்தல் உரிமையும் பெறாத காலத்திலேயே காட்டியுள்ளனர். நலத்திட்டங்களை மேலிருந்து இறங்கிய கொடையாக மட்டும் எழுதும் வழக்கத்திற்கு இஃது ஒரு மறுப்பாகும்.

டெம்பிள்–கார்னிஷ் விவாதத்தின் முக்கியத்துவம் ஒரு பவுண்டா ஒன்றரைப் பவுண்டா என்பதில் மட்டும் இல்லை. சான்று பற்றிய கருத்தே இங்கு மாறிவிட்டது. மெலிந்த உடல் இனிப் போதாது. உழைக்கும் உடல் தன் தேவையை உழைத்துக் காட்ட வேண்டும். உழைப்புச் சோதனையுடன், வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள முகாமுக்குச் செல்லத் துணிகின்றாரா என்ற தூரச் சோதனையும் சேர்ந்தது. சமைத்த உணவைப் பொது இடத்தில் பலருடன் அமர்ந்து உண்ணச் சம்மதிக்கின்றாரா என்பது மூன்றாவது. உயர்சாதியினர் பொதுக்கஞ்சியை அருவருப்பர், ஆகவே உண்மையிலேயே வேறு வழியற்றவர் மட்டுமே வருவர் என்று அதிகாரிகள் கணக்கிட்டனர். சாதி, நிருவாகத்தின் செலவுக் கட்டுப்பாட்டுக் கருவியாயிற்று. இச்சோதனைகளில் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றைக் கைவிடுவது என்பது 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையத்தால் விரிவாக ஆராயப்பட்டது.

இங்கு ஒரு சிறு குறிப்பு. ஆடி மாதத்தில் வடசென்னையின் தெருக்கோடி அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் வார்க்கப்படுவதைக் காண்பவர், பாத்திரம் கொண்டு வருவோரிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை என்பதையும் காண்பர். ஒரே கூழ்தான். ஆனால் பஞ்சக்கால அதிகாரி அதைச் சோதனையாகவும் தெருவார் அதைப் படையலாகவும் கண்டனர். கஞ்சித்தொட்டி என்ற சொல்லில் இன்றும் இழிவைவிட நெருக்கமே மிகுந்து ஒலிப்பதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணமாகலாம்.

உழைப்புச் சோதனையின் மிகப்பெரிய எச்சம் இப்பகுதியின் நடுவே ஓடுகின்றது. சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கிய கால்வாய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்ரேன் என்பவரால் வெட்டப்பட்டது. பஞ்ச நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877–78இல் தோண்டப்பட்டு, முழுக் கால்வாய்க்கும் ஆளுநரின் பெயர் இடப்பட்டது. மண் சுமந்தவர்களின் கணக்கு கூலிப்பதிவேட்டோடு முடிந்தது.

பர்மா அரிசியும் கதவிலக்கமும்

1918 செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகளும் சந்தைகளும் சூறையாடப்பட்டன. போர்க்கால விலையேற்றம் பொறுக்க முடியாத நிலையை எட்டியிருந்தது. பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அவ்வாண்டு ஏப்ரலில்தான் உருவாகியிருந்தது. இக்கலகங்களை ஆராய்ந்த டேவிட் அர்னால்டு (1979), அவற்றை வெறும் கொள்ளையாகக் கருதாமல், நியாய விலை குறித்த பொதுக்கருத்து மீறப்பட்டதற்கான எதிர்வினையாக விளக்குகின்றார். ‘நியாய விலைக் கடை’ என்ற சொல்லாட்சி அரசாணைகளில் இடம்பெறுவதற்கு முன்னரே அதன் பொருள் தெருவில் நிலைபெற்றிருந்தது எனக் கொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா 1942இல் ஜப்பானியர் வசமானதும் சென்னைத் துறைமுகத்திற்கு வந்த பர்மா அரிசி நின்றது. அவ்வாண்டு ஏப்ரலில் குண்டுவீச்சு அச்சத்தால் நகரமே காலியானது. 1943இல், வங்காளப் பஞ்சத்தின் நிழலில், சென்னையில் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே என்பது ஆய்வாளரின் கருத்து. கஞ்சித்தொட்டி வறியவரை மட்டும் நோக்கியது; பங்கீட்டு அட்டையோ நகரத்தார் அனைவரையும் நோக்கியது. பங்களாவில் இருந்தவரும் குடிசையில் இருந்தவரும் ஒரே கணக்கின்படி தானியம் பெற்றனர். பசியை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, உழைப்பை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. குடும்பத்தில் எத்தனை பேர், எந்தக் கதவிலக்கம் என்பவை போதும்.

இச்சான்று முந்தையவற்றைவிட மதிப்பு வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கதவே இல்லாதவருக்குக் கதவிலக்கம் எங்கிருந்து வரும்? துறைமுக வாயிலில் காலையில் கூடி, மேஸ்திரி கை காட்டினால் வேலை, இல்லையேல் அன்றைக்குப் பட்டினி என்றிருந்த சுமைத்தொழிலாளர் பலர் நடைபாதையிலும் கிடங்குத் தாழ்வாரத்திலும் உறங்கினர். இரயில்வே ஊழியர்களுக்குப் போர்க்காலத்தில் நிருவாகமே தானியக் கடைகள் நடத்தியது. நிலையான முதலாளி இருந்தவருக்கு முகவரியின்றியும் ஒரு வழி இருந்தது. முதலாளியும் முகவரியும் ஒருசேர இல்லாதவரே இம்முறையின் ஓட்டையில் விழுந்தனர்.

1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தை உணவு உதவியின் வரலாற்றில் எவரும் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். இச்சட்டத்தின்படி சென்னையில் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. பதிவு பெற்ற தொழிலாளர் வேலைக்கு வந்து நின்று, கப்பல் இல்லாமையால் திரும்ப நேர்ந்தாலும் வருகைப்படி பெற்றனர். பசிக்கும் வேலையின்மைக்கும் இடையிலான தொடர்பைப் பதிவேட்டின் மூலம் அறுக்கும் முயற்சி இது. பதிவு பெற்றவரின் குடும்பம் கடன் வாங்கவும் வாடகைக்கு வீடு பிடிக்கவும் அட்டை பெறவும் அப்பதிவே வழிவிட்டது. பதிவேட்டில் இடம் கிடைக்காதவர் முன்பிருந்தவாறே இருந்தனர். பின்னர் கொள்கலப் போக்குவரத்து பெருகியதும் மூட்டை சுமக்கும் தேவை குறைந்தது. வாரியமும் 2001இல் துறைமுகத்தோடு இணைக்கப்பட்டது.

படியரிசியும் அட்டையின் ஆட்சியும்

முதலமைச்சர் இராஜாஜி 1952 ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். சந்தை தாராளமாக இருந்தவரை அம்முடிவு பாராட்டப்பட்டது. 1965–66இன் அரிசித் தட்டுப்பாடு அதன் எல்லையைக் காட்டியது. 1967 தேர்தலில் ‘மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற முழக்கத்தின் வலிமை இந்தப் பின்னணியிலேயே விளங்கும். அண்ணா அரசின் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் மட்டுமே நடைமுறையாயிற்று. நிதிச்சுமையால் மேலே செல்லவில்லை. இரு தொழில் நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தொழிலாளர் வாக்குகளோடு மட்டும் இணைத்துப் பேசுவது வழக்கம். பங்கீட்டுக் காலத்தின் அட்டை, கடை, கிடங்கு ஆகிய ஏற்பாடுகளுக்குப் பழகிய நகர நிருவாகம் இருந்ததும் இதற்குக் காரணமாகலாம்.

அதே பத்தாண்டில் பர்மாவிலிருந்து தமிழர் திரும்பினர். நெ வின் அரசின் தேசியமயத்தால் கடையும் நிலமும் இழந்து, 1964 முதல் கப்பல்களில் வந்திறங்கியவர்களில் ஒரு பகுதியினர் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்ந்தனர். எண்ணூரின் பர்மா நகர் இன்றும் அப்பெயரைத் தாங்குகின்றது. ஒரு காலத்தில் பர்மா அரிசி இறங்கிய துறையில் பின்னர் பர்மாத் தமிழர் இறங்கினர். தாயகம் திரும்பியோர் என்ற சான்று அவர்களுக்கு முதல் உதவியைப் பெற்றுத் தந்தது. திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் தீப்பெட்டி, மோட்டார் வாகனம், டயர், உரம் எனத் தொழிற்சாலைகள் பெருகிய காலமும் இதுவே. நிலையான வேலை பெற்றவர் ஈட்டுறுதித் திட்டத்திற்குள் வந்தனர். ஒப்பந்தக் கூலிகளுக்கு நியாய விலைக் கடையே ஈட்டுறுதி.

1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. மதிய உணவு எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலையில் சத்துணவாக விரிந்து, நகரங்களுக்கு அவ்வாண்டு செப்டம்பரில் வந்தது. நடுவணரசு 1997இல் வறுமைக்கோட்டின் அடிப்படையில் பயனாளிகளைப் பிரித்தபோது தமிழகம் அனைவருக்குமான முறையையே தொடர்ந்தது. கிலோ அரிசி 2008 செப்டம்பரில் ஒரு ரூபாய்க்கும் 2011 ஜூன் முதல் விலையின்றியும் வழங்கப்பட்டது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும் இந்நிலை காக்கப்பட்டது. இவையெல்லாம் நன்கறிந்தவை, விரிக்க வேண்டுவதில்லை.

விரிக்க வேண்டியது வேறொன்று. தமிழக முறையில் ஒருவர் தம்மை ஏழை என மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இஃது இந்திய அளவில் அரிய சிறப்பு. ஆனால் தாம் ஒரு குடும்பம் என்றும், ஓரிடத்தில் குடியிருப்பவர் என்றும், தனிச் சமையலறை உள்ளவர் என்றும் மெய்ப்பிக்க வேண்டும். 1943இன் கதவிலக்கம் இன்றும் ஆட்சி செய்கின்றது. மூன்று தலைமுறை ஒரே அடுப்பில் சமைக்கும் குடிசையில் புதிதாக மணமானவர் தனி அட்டை கேட்டால் சிக்கல். கரையோரக் குடியிருப்பு அகற்றப்பட்டு நகரின் மறு எல்லைக்கு அனுப்பப்பட்டவருக்கு, வீடு மாறிய அன்றே அட்டை மாறிவிடுவதில்லை. பொருள் வாங்கப் பழைய கடைக்கு வந்து போகும் செலவே பொருளின் மதிப்பை அரித்துவிடும். 2017 முதல் வந்த மின்னணு அட்டையும் 2020 முதல் வந்த கைரேகைப் பதிவும் போலி அட்டைகளைக் களைய உதவின. ஆனால் மீன் அரிந்தும் பனிக்கட்டி சுமந்தும் தேய்ந்த விரல்களை எல்லாக் கருவியும் முதல்முறையிலேயே படித்துவிடுவதில்லை. 1782இல் உடலே சான்றாக இருந்தது. இப்போது உடல் மீண்டும் சான்றாகியுள்ளது. அன்று மெலிவைப் பார்த்தனர், இன்று ரேகையைப் பார்க்கின்றனர்.

2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழகம் இணைந்தது. ஒடிசா, பீகார், மேற்கு வங்கத் தொழிலாளர் இன்று இப்பகுதியின் கிடங்குகளிலும் கட்டுமானங்களிலும் உழைக்கின்றனர். அவர்கள் தம் மாநில அட்டையைக் கொண்டு இங்குப் பொருள் பெறச் சட்டப்படி வழி பிறந்தது. எனினும் ஊரில் குடும்பம் அட்டையைப் பயன்படுத்த, இங்கே தனியாளாகப் பொதுச்சமையலில் உண்ணும் தொழிலாளருக்கு அவ்வழி முழுமையாகப் பயன்படுவதில்லை. அடுப்பே இல்லாதவருக்கு அரிசி கொடுப்பதில் உள்ள இடர்ப்பாடு இது. 1782இல் அரிசியாக அளக்காமல் கஞ்சியாக வார்த்ததன் நியாயம் இங்கு விளங்குகின்றது.

எண்ணூர், 2023

மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள்கள். காசிமேட்டின் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் இந்நாள்களில், மீனவர் எனப் பதிவு பெற்ற குடும்பங்களுக்கு அரசு நிவாரணத்தொகை வழங்குகின்றது. படகில் செல்லாமல் கரையில் ஏலம் எடுப்பவர், கூடை சுமப்பவர், கருவாடு காயவைக்கும் பெண்கள் ஆகியோரின் வருவாயும் அதே நாளில் நின்றுவிடுகின்றது. பதிவேடு அவர்களில் பலரை அறியாது.

இதன் கூர்மையான வடிவம் 2023 டிசம்பரில் வெளிப்பட்டது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. வெள்ள நிவாரணமாக ரூ. 6,000 நியாய விலைக் கடைகள் வழியே வழங்கப்பட்டது. எண்ணெய்ப் படலத்திற்கு அரசு தனியாக அறிவித்த நிவாரணத்தில் 2,301 மீனவர் குடும்பங்களுக்கு ரூ. 12,500, 787 படகுகளுக்கு ரூ. 10,000, பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்கு ரூ. 7,500 என வகுக்கப்பட்டது. ஒரே எண்ணெய், ஒரே கழிமுகம், மூன்று வகைச் சான்று. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவரை மீனவர் என்பதா, பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதா? படகும் வலையும் இல்லாத இத்தொழிலில் பெண்களும் இருளர் சமூகத்தினரும் மிகுதி. அவர்கள் உடல் முழுதும் எண்ணெயில் நனைந்தது என்பது எவர் கண்ணுக்கும் தெரிந்த சான்று. ஆயினும் அது படிவத்தில் நிரப்பத்தக்க சான்று அன்று.

அட்டை கேட்காத இடம் ஒன்று இப்பகுதியில் இன்றும் உண்டு. 2013 பிப்ரவரியில் சாந்தோமில் தொடங்கிய அம்மா உணவகம், நகரெங்கும் பரவியபோது அரசு மருத்துவமனைகளுக்கும் வந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்ற விலையைத் தவிர அங்கு வேறெதுவும் கேட்கப்படுவதில்லை. ஊர், மொழி, குடும்பம், கதவிலக்கம், ரேகை எதுவும் வேண்டாம். வந்து நின்று உண்பதே தகுதி. ஸ்டான்லி மருத்துவமனை வளாகத்திலும் அத்தகைய உணவகம் ஒன்று அமைந்தது. நோயாளிகளுக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுத்துக் கிடப்பவரும், துறைமுகத்தின் சுமைத்தொழிலாளரும், தமிழ் அறியாத இளைஞரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர். வடமதில் ஓடிய சாலைக்கு வடக்கே, 1782இல் தொட்டி வைக்கப்பட்ட அதே சுற்றுப்புறம் அது.